டாலிஸ்கரில் ஆஸ்பத்திரி வாசனை அடிப்பது ஏன், அதைத் தாண்டி ருசிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் டாலிஸ்கர் என்ற 10 வருட சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் வடித்த ஸ்காட்ச் விஸ்கி) கொண்டுவந்திருக்கிறார். ராவாக ஒரு ஸ்மால் குடித்துப் பார்த்தால் டிஞ்சரும் எரிந்த விறகும் கலந்த மாதிரி இருக்கிறது. பாட்டிலிலோ கடல், கடல் என்று எழுதியிருக்கிறார்கள். இதில் எதை ரசிக்கிறார்கள், உண்மையிலேயே இதற்குள் கடல் இருக்கிறதா?

முதலில், உங்கள் மூக்கில் கோளாறு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசனை என்று நீங்கள் சொன்னது வேதியியல்படியே சரி. புகை விஸ்கியின் வாசனைக்குக் காரணம் ஃபீனால் வகையறாக்கள். 1865இல் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் ஜோசப் லிஸ்டர் என்ற சர்ஜன், காயம் சீழ் பிடிக்காமல் இருக்க கார்பாலிக் அமிலம் தடவிய கட்டுகளைப் போட ஆரம்பித்தார். கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனாலின் பழைய பெயர். அதன்பிறகு பல தலைமுறைகளுக்கு ஆஸ்பத்திரி என்றாலே அந்த வாசனைதான். நம் வீடுகளில் இருந்த பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பும் கார்பாலிக் சோப்புதான். ஆக, டாலிஸ்கரை முகர்ந்ததும் உங்களுக்கு மருந்து ஞாபகம் வந்தால், மூக்கு தனக்குத் தெரிந்த பொருளைத்தான் அடையாளம் கண்டிருக்கிறது.

இந்த வகையறாவில் மூன்று பேரைத் தெரிந்துவைத்தால் போதும். ஃபீனாலும் கிரெசாலும் மருந்து, தார், பேண்டேஜ் பக்கம். குவாயகால் அடுப்புப் புகை, புகையில் வாட்டிய இறைச்சிப் பக்கம். ஒரு விஸ்கியில் எது தூக்கலாக இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று ஆஸ்பத்திரி ஆகிறது, இன்னொன்று விறகடுப்பு ஆகிறது. டாலிஸ்கர் இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் அடுப்புப் பக்கம் சாய்ந்தது என்பது என் கணிப்பு. மருந்து வாசனையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் லஃப்ரோய்க் என்ற இன்னொரு ஸ்காட்ச் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

புகை வருவது பீட்டிலிருந்து. ஸ்காட்லாந்தின் ஈர நிலங்களில் பாசியும் புதர்ச்செடிகளும் ஆயிரக்கணக்கான வருடங்களாக முழுசாக மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் கருப்பு மண் அது. வெட்டிக் காயவைத்தால் எரியும். மரம் குறைவான தீவுகளில் வீட்டு அடுப்புக்கே அதுதான் எரிபொருளாக இருந்தது. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, முளை மேலும் வளராமல் நிறுத்த உலர்த்த வேண்டும். அப்படி உலர்த்திய பார்லிதான் மால்ட். அந்தச் சூட்டுக்கு பீட்டை எரித்தார்கள். யாரும் ருசிக்காகத் திட்டமிட்டுச் செய்த வேலை இல்லை. இன்று சூட்டுக்கு வேறு வழிகள் இருக்க, புகைக்காகவே பீட்டை எரிக்கிறார்கள். தானியம் ஈரமாக இருக்கும்வரைதான் புகை உமியில் நன்றாக ஒட்டும். அதனால் உலர்த்தலின் முதல் சில மணி நேரத்திலேயே ஒரு விஸ்கி எவ்வளவு புகையும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

சரி, கடலுக்கு வருவோம். இங்கேதான் விளம்பரமும் உண்மையும் பிரிகிற இடம்.

டாலிஸ்கர் ஆலை இருப்பது ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவின் மேற்குப் பக்கம், கார்போஸ்ட் என்ற சின்னக் கிராமத்தில், ஹார்போர்ட் என்ற கடற்கழியின் கரையில். 1830இல் ஹியூ மக்காஸ்கில், கென்னத் மக்காஸ்கில் என்ற சகோதரர்கள் தொடங்கியது. (ஹியூ நல்ல பெயர் எடுத்தவர் இல்லை. குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றி செம்மறி வளர்த்த அந்தக் காலத்துப் பண்ணையாளர்களில் ஒருவர். பாட்டில் அட்டையில் இதெல்லாம் வராது.) ஆலையின் வாசலில் நின்றால் கடல் பாசி வாசனை அடிக்கத்தான் செய்யும். ஆனால் அது எப்படி விஸ்கிக்குள் போகும்?

யோசித்துப் பாருங்கள். ஆலைக்குச் சொந்தமான முளைகட்டும் தளத்தை 1972இலேயே மூடிவிட்டார்கள். புகையேற்றிய மால்ட் வருவது பிரிட்டனின் பெருநிலத்தில், மியூர் ஆஃப் ஆர்ட் என்ற ஊரில் உள்ள கிளென் ஆர்ட் கூடத்திலிருந்து. வடித்த சரக்கில் கணிசமான பகுதி டேங்கர் லாரியில் ஏறித் தீவைவிட்டு வெளியே போய், அங்குள்ள கிடங்குகளில்தான் பீப்பாயில் வயதாகிறது. உப்பு விஷயம் இன்னும் எளிது: உப்பு ஆவியாகாது. கொதிகலனில் போட்ட உப்பு கொதிகலனிலேயே கிடக்கும், ஆவியோடு மேலே ஏறி வராது. கரையோரக் கிடங்கில் பீப்பாய் கடல் காற்றை 'சுவாசிக்கிறது' என்று ஆலைக்காரர்கள் சொல்வதுண்டு. பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகி வெளியே போகிறது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பதிலாக ஓக் மரத்தைத் துளைத்து உப்பு உள்ளே வந்து நாக்கில் கரிக்கும் அளவுக்குச் சேர்கிறது என்பதை நான் நம்பவில்லை. இதற்கு ஐலா என்ற இன்னொரு ஸ்காட்லாந்துத் தீவில் உள்ள கல் ஈலா ஆலை நல்ல சாட்சி. அவர்களுடைய சரக்கு வயதாவது பெருநிலக் கிடங்குகளில். இருந்தும் அதைக் குடிப்பவர் பாதிப்பேர் முதலில் சொல்லும் சொல் கடல்தான்.

அப்படியானால் கடல் வாசனை பொய்யா? இல்லை, அதுவும் உங்கள் மூக்கில் நிஜமாகவே நடக்கிறது. கிரெசால் மாதிரியான பொருள்கள் தார் பூசிய படகு, கயிறு, துறைமுகம் என்று ஞாபகங்களைக் கிளப்பும். வடிப்பில் தங்கிவிடும் சிறு கந்தக வாசனை, சிப்பி ஓடு, ஈரப் பாசி என்று தோன்றவைக்கும். இனிப்பு குறைந்து, நாக்கு வறண்டு, ஒரு கார்ப்பு எழும்போது மூளை அதை உப்பு என்று படித்துக்கொள்கிறது. இவையெல்லாம் சேர்ந்து வரும்போது 'கடல்' என்று சொல்வதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அது பீட்டிலும் செம்பிலும் உருவான கடல். அலையிலிருந்து வந்ததில்லை.

செம்பு என்று சொன்னேன் அல்லவா, டாலிஸ்கரின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. ஆலையில் ஐந்து செம்புக் கொதிகலன்கள். முதல் வடிப்புக்கு இரண்டு, இரண்டாம் வடிப்புக்கு மூன்று. இந்தப் பொருந்தாத கணக்கு, 1928 வரை மூன்று முறை வடித்துக்கொண்டிருந்த காலத்தின் மிச்சம். முதல் வடிப்புக் கலன்களிலிருந்து ஆவி வெளியேறும் குழாய் நேராகப் போகாமல் யு வடிவத்தில் வளைந்து போகிறது. கனமான ஆவி அந்த வளைவில் குளிர்ந்து, தனியாக ஒரு சிறு குழாய் வழியாகத் திரும்பவும் கலனுக்குள்ளேயே விழுகிறது. தப்பித்துப் போகும் ஆவி, கட்டடத்துக்கு வெளியே குளிர்நீர் நிரம்பிய பெரிய மரத்தொட்டிகளுக்குள் சுருண்டு கிடக்கும் செம்புக் குழாயில் இறங்கித் திரவமாகிறது. வார்ம் டப் என்பார்கள். பழைய முறை. இப்போதைய குளிர்விப்பான்களைவிட இதில் ஆவி செம்பைத் தொடுவது குறைவு, அதனால் சரக்கில் கனமும் கொஞ்சம் கந்தகமும் தங்கும். முன்பாதியில் சுத்தம் செய்து, பின்பாதியில் அழுக்கை அனுமதிக்கிற விசித்திரமான ஏற்பாடு. டாலிஸ்கரில் பழ இனிப்பும் மிளகுக் காரமும் ஒன்றாக இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். 1960 நவம்பரில் ஒரு கலனின் வால்வு திறந்திருந்து, வழிந்த சரக்கில் அடியில் எரிந்த நெருப்பு பற்றிக்கொண்டு கலன்கூடமே எரிந்துபோனது. திரும்பக் கட்டும்போது வளைவு உட்படப் பழைய கலன்களின் அச்சு அசல் நகல்களைச் செய்து வைத்து, 1962இல்தான் மறுபடி வடிக்க ஆரம்பித்தார்கள். புதிய வடிவத்தை வைத்து ருசி மாறிப்போனால் என்ன செய்வது என்ற பயம், நியாயமான பயம்தான்.

இப்போது குடிக்கிற விஷயம். நீங்கள் ராவாக ஒரு ஸ்மாலை ஒரே மூச்சில் இறக்கியிருந்தால், புகையும் எரிச்சலும் தவிர வேறெதுவும் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. 45.8 சதவீத ஆல்கஹால் அது.

கிளாஸ் முக்கியம். அடி பருத்து வாய் குறுகியது வேண்டும். கிளென்கெய்ர்ன் கிளாஸ் என்று கடையில் கிடைக்கும், இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். அகலமான டம்ளரில் வாசனையெல்லாம் பறந்துவிடும். 25 மில்லி ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு கட்டாதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்க சட்டம் அனுமதிக்கிறது. ஊற்றிவிட்டு ஒரு பத்து நிமிடம் சும்மா வையுங்கள். முதலில் குத்தும் ஆல்கஹால் அடங்கட்டும்.

முகரும்போது மூக்கைக் கிளாசுக்குள் விடாதீர்கள். வாயை லேசாகத் திறந்துகொண்டு, கிளாசை மோவாய்ப் பக்கம் வைத்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். முதல் அலை முழுக்கப் புகை. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி முகருங்கள். அப்புறம் இன்னொரு முறை. மூக்கு எந்த வாசனைக்கும் கொஞ்ச நேரத்தில் பழகி அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். புகையையும் அப்படித்தான். புகை பின்னால் நகர்ந்ததும் அதற்குப் பின்னால் மறைந்திருந்தது வெளியே வரும்: முதலில் ஈரமான, உப்புப் பூத்த ஒரு கரையோர வாசனை, பிறகு பேரிக்காய், ஆரஞ்சுத் தோல், முளைகட்டிய தானியத்தின் இனிப்பு. புகை விஸ்கியை மதிப்பிடுவது இந்த இரண்டாவது அடுக்கை வைத்துத்தான். புகை மட்டும் போட யாராலும் முடியும். புகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான் ஆலைக்கு ஆலை வித்தியாசம்.

முதல் வாய் ருசி பார்க்க அல்ல, நாக்கைத் தயார்படுத்த. சில துளி எடுத்து, வாய் முழுக்கப் பரப்பி விழுங்கிவிடுங்கள். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாவது வாயைச் சில விநாடிகள் நாக்கில் வைத்திருங்கள். டாலிஸ்கரில் இது வரிசையாக நடக்கும்: நுனி நாக்கில் இனிப்பு, நடுவில் புகை வந்து இனிப்பை மூடும், விழுங்கியதும் இரண்டொரு விநாடி ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், அப்புறம் தொண்டையின் பின்பக்கம் கருமிளகுக் காரம் திடீரென்று ஏறும். இதற்குத்தான் டாலிஸ்கர் பேர்போனது. விழுங்கிய பின் வாயை மூடி, மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். சாம்பலும் கடற்கரையும் நீண்ட நேரம் நிற்பது அந்த மூச்சில்தான் தெரியும். இதைச் செய்யாமல் குடித்தால் பாதி விஸ்கியைத் தவறவிட்ட மாதிரி.

அடுத்து தண்ணீர். தண்ணீர் விடுவது விஸ்கிக்கு அவமானம் என்று சிலர் வீறாப்பாகப் பேசுவார்கள். ஸ்காட்லாந்தில் பல விஸ்கிகளைக் கலக்கும் பிளெண்டர்களே தண்ணீர் விட்டு முகர்ந்துதான் வேலை செய்கிறார்கள். இதில் புகை விஸ்கிக்கென்றே ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் குவாயகால் எங்கே போய் நிற்கிறது என்று கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேலே இருந்தால் அது திரவத்தின் உள்ளே ஆல்கஹாலோடு ஒட்டிக் கிடக்கிறது. 45 சதவீதமோ அதற்குக் கீழேயோ இருந்தால் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. மேலே வந்தால்தானே மூக்குக்கு எட்டும். கணினி மாதிரிதான், அதை அப்படியே எல்லா கிளாசுக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் நாக்கு சொல்வதும் ஏறக்குறைய இதையே. 25 மில்லி டாலிஸ்கரில் அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டால் 41, 42 சதவீதத்துக்கு இறங்கும். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். காரம் தணிந்து, புகை மிருதுவாகி, இனிப்பு முன்னே வரும். அரை டீஸ்பூனைத் தாண்டிப் போனால் எனக்கு அந்த மிளகு தொலைந்துபோகிறது, நான் அங்கே நிறுத்திவிடுவேன். ஐஸ் வேண்டாம். குளிர்ந்தால் வாசனை மூடிக்கொள்ளும், மிஞ்சுவது கசப்பும் சாம்பலும்தான்.

சோடா? தப்பே இல்லை, ஆனால் அது வேறு பானம். ஜப்பானில் டாலிஸ்கரில் சோடா நிறைய விட்டு, மேலே கருமிளகைப் பொடித்துத் தூவி ஹைபாலாகக் குடிக்கிறார்கள். அபாரமாக இருக்கும். கோக் விட்டுக் குடிப்பதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

சைட் டிஷ் விஷயத்தில் நம் பழக்கம் இதற்குச் சரிப்படாது. மிக்சரும் சில்லி சிக்கனும் வைத்துக்கொண்டால் மிளகாய்க் காரத்தில் மிளகுக் காரம் காணாமல் போய்விடும். ஸ்கையில் சிப்பியை ஓட்டோடு திறந்து, அதன் மேலேயே சில துளி டாலிஸ்கர் விட்டு விழுங்குவார்கள். உப்பு நிஜமாகவே உள்ளே வருகிற ஒரே இடம் அது. சிப்பிக்கு நாம் எங்கே போவது, புகையில் வாட்டிய மீனோ நீல நரம்பு ஓடிய பாலாடைக்கட்டியோ கிடைத்தால் போதும். கருப்பு சாக்லேட்டும் ஒத்துப்போகும். முதல் முறை எதுவும் இல்லாமல், சாப்பிடுவதற்கு முன் வெறும் விஸ்கியாகப் பாருங்கள் என்பேன். சென்ட் அடித்துக்கொண்டு உட்காராதீர்கள், பக்கத்தில் ஊதுபத்தியும் வேண்டாம்.

பிபிஎம் என்று ஒரு எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மால்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு ஃபீனால் எத்தனை பங்கு என்ற அளவு அது. டாலிஸ்கர் சுமார் 20, லாகவூலினும் கல் ஈலாவும் சுமார் 35, லஃப்ரோய்க் 40க்கு மேல், ஆர்ட்பெக் 50க்கு மேல். இதைப் பரீட்சை மார்க் மாதிரி வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். அளப்பது மால்ட்டில், பாட்டிலில் இல்லை. ஊறல், வடிப்பு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஃபீனால் குறைந்துகொண்டே போகும், பீப்பாயில் வருடம் ஏற ஏற இன்னும் அடங்கும். தவிர, ஃபீனால்கள் வடிப்பின் பிற்பகுதியில்தான் அதிகம் வருகின்றன. எந்த நேரத்தில் வெட்டி, இதற்கு மேல் வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள் என்பதே ருசியைத் தீர்மானிக்கிறது. லாகவூலினும் கல் ஈலாவும் ஐலாவில் ஒரே போர்ட் எல்லன் கூடத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரே புகை அளவுள்ள மால்ட்டை வாங்குகின்றன. லாகவூலின் கலன்களைக் கிட்டத்தட்ட நிரப்பி மெதுவாக வடிக்கிறது, கனமாக, காய்ந்த பழமும் தேயிலையும் புகையுமாக வருகிறது. கல் ஈலா கலனில் நிறைய இடம் விட்டு வடிக்கிறது, ஆவி செம்போடு அதிகம் உரசி, எலுமிச்சையும் சுத்தமான புகையுமாக மெலிந்து வருகிறது. எண் ஒன்று, விஸ்கி இரண்டு.

அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்பீர்கள். மருந்து வாசனை உங்களுக்குப் பிடித்துவிட்டால் லஃப்ரோய்க் 10. அதில் ஒளிவுமறைவே கிடையாது, பிடித்தால் பிடிக்கும், இல்லையென்றால் ஜென்மத்துக்கும் பிடிக்காது. புகை வேண்டும், மருந்து வேண்டாம் என்றால் கல் ஈலா 12. என் வீட்டில் தீர்ந்ததும் மறுபடி வாங்கும் பாட்டில் அது. லாகவூலின் 16 அருமையான சரக்கு, ஆனால் இப்போது விற்கும் விலைக்கு முதல் பாட்டிலாக வாங்கச் சொல்ல மாட்டேன். புகையே ஒத்துவரவில்லை, கடல் வாசனை மட்டும் சரி என்றால் ஐலாவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் புன்னஹாவன் 12, இல்லை பெருநிலத்தின் வட முனையில் விக் துறைமுகத்து ஓல்ட் புல்ட்னி 12. இரண்டிலும் புகை இல்லையென்றே சொல்லலாம், கரையோர வாசனை இருக்கிறது. நண்பர்களோடு இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் இவற்றை முதலில் ஊற்றுங்கள், புகை விஸ்கியைக் கடைசியில். மாற்றி ஊற்றினால் புன்னஹாவன் வெறும் தண்ணீராகத் தெரியும்.

இப்போது கையில் இருக்கும் டாலிஸ்கரை அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள், ஒயின் மாதிரிப் படுக்கப்போடாதீர்கள். ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும். வெயில் படக் கூடாது. பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியபின் உள்ளே இருக்கும் காற்றில் புகை மெல்ல மங்கும், மாதக்கணக்கில் விட்டால் நன்றாகவே தெரியும். புகை அதிகமாகத் தோன்றுகிறது என்று சொன்ன உங்களுக்கு அது நல்லதாகவும் போகலாம். முதல் கால்வாசியை இப்போது குடித்துவிட்டு, மிச்சத்தை நாலைந்து மாதம் கழித்து அதே கிளாசில், அதே அரை டீஸ்பூன் தண்ணீரோடு குடித்துப் பாருங்கள்.